மூணு சண்டை தாண்டின பேரு

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார். எங்கள் கம்பெனி ஆட்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் பாதிக்குப் பேர் வைத்த மனிதருக்குத் தன் பேர் மட்டும் பிடிக்காது. அவருடைய தாத்தாவுக்கும் அதே பேர், பெரியப்பா மகனுக்கும் அதே பேர். "ஊட்டுல அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா மூணு பேரு திரும்புவமுங்க. சோத்துக்குக் கூப்புட்டா அவிய ரெண்டு பேரும் முந்திக்குவாங்க. அடிக்கக் கூப்புட்டா நான் மட்டும் சிக்குவேன்" என்பார். அதனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு பேருக்கு ஒரு ஆள். இந்தச் சட்டத்தை அவர் யாரிடமும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

திருப்பூரில் எண்பது மெஷின் ஓடுகிற பனியன் கம்பெனி அது. அவர் புரொடக்‌ஷன் மேனேஜர், நான் செக்கிங் இன்சார்ஜ். அவர் தைத்து முடித்து அனுப்புவதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. பழக்கதோஷம், இன்றைக்கும் அந்தக் கண்ணோடுதான் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுத்தால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு நம்பர் வரும். எல்லாக் கம்பெனியிலும் அந்த நம்பரைச் சொல்லித்தான் வேலை நடக்கும். இவருக்கு நம்பர் ஆகாது. "நம்பரு ஜெயில்ல இருக்கறவிங்களுக்குங்க" என்று சொல்லி ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பொம்பளைப் பேரை வைத்துவிடுவார். ஒரு தடவை சென்னையிலிருந்து ஏஜெண்ட் வந்து லைனில் நின்றார். அந்த நேரம் பார்த்து நம்மாள் கத்துகிறார்: "கனகாவுக்குக் கழுத்து லூசா இருக்குது, பவளக்கொடிக்குக் கையே வரலை, ரெண்டு பேரையும் பிரிச்சுப் போடுங்க!" ஏஜெண்ட் என் முகத்தைப் பார்த்தார். நான் பில்லைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இந்தக் கூத்து ஒருநாள் நின்றது. செல்வி என்று பேர் வைத்த மாடல், துவைத்துப் பார்த்ததில் சாயம் இறங்கிவிட்டது. லைன் முழுக்க ஒரே பேச்சு. "செல்வி ரிஜெக்ட் ஆயிருச்சாமா." "மொத்தமுமா?" "மொத்தமும்." அயர்ன் டேபிளில் நிஜமான செல்வி ஒருத்தி நின்றிருந்தாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அயர்ன் பாக்ஸை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். மனுஷன் ஓடிவந்து எல்லாருக்கும் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "என்ற தப்புத்தான் கண்ணு. ஒரு பேரை ரெண்டு பக்கம் வச்சது என்ற தப்பு" என்றார். மறுநாளிலிருந்து மாடலுக்கெல்லாம் காய்கறிப் பேர். முருங்கைக்காய் மூவாயிரம் பீஸ், சுரைக்காய் ஐயாயிரம் பீஸ் என்று கப்பல் ஏறின.

மாடலில் விட்டதைப் பிள்ளைகளில் பிடித்தார். கம்பெனியில் யாராவது முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், டீ டைமில் பக்கத்தில் வந்து நிற்பார். "ஏனுங் கண்ணு, பேரு ஏதாச்சும் பாத்து வச்சிருக்கறீங்களா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்பார். அந்தப் பிள்ளையும் இன்டர்நெட்டில் பார்த்து எழுதிவைத்த யஷ்னிகா, தன்ஷித் என்று ஏதோ ஒன்றைச் சொல்லும். அவர் முகம் மாறும். "அது பேருங்களா, தும்மலுங்களா?" என்பார். அப்புறம் வாங்கோ என்று கூட்டிக்கொண்டு போய் லைனின் ஒரு கோடியில் நிறுத்துவார். தான் அடுத்த கோடிக்குப் போய் நின்றுகொள்வார். நடுவில் அத்தனை ஓவர்லாக் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் பேரைச் சொல்லிக் கத்துவார். காதில் விழுந்தால் கையைத் தூக்க வேண்டும். யஷ்னிகாவுக்கு இதுவரை யாரும் கை தூக்கியதில்லை. "பாத்தீங்களா? நாளைக்கு ரோட்டுல லாரி வருது, புள்ளையக் கூப்புடறீங்க, அதுக்குக் கேக்க வேண்டாமுங்களா?"

கத்தலில் தேறிய பேருக்கு அடுத்த பரீட்சை அவர் போனில். இதைச் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்பீர்கள்.

அவருடைய போனில் ஒரு விளையாட்டு இருந்தது. ஊர் கட்ட வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், சேர்த்த ஆளைச் சண்டைக்கு அனுப்பிப் பக்கத்துக் கோட்டையை அடிக்க வேண்டும். புது ஆள் வந்தால் அதற்கு ஒரு பேர் வைக்கச் சொல்லும். உயிரோடு இருக்கிற ஆளின் பேரை வேறு யாரும் வைக்க முடியாது. உலகத்தின் எந்த மூலையில் யார் வைத்திருந்தாலும் சரி, 'இந்தப் பேர் ஏற்கெனவே இருக்கிறது' என்று சிவப்பில் எழுதிக் காட்டிவிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த விளையாட்டைக் கட்டிக்கொண்டு அழுதார். ஐம்பது வயது மனுஷன், டிபன் பாக்ஸ் மூடியில் போனைச் சாய்த்து வைத்து, ஒரு கையில் தயிர்ச்சோறு, ஒரு விரலில் யுத்தம். பிறக்கப்போகிற பிள்ளையின் பேரை ஓர் ஆளுக்கு வைத்துச் சண்டைக்கு அனுப்புவார். மூன்று சண்டை தாண்டி உயிரோடு வந்தால் பேர் தேறியது. பிள்ளைக்கு அந்தப் பேரைச் சூட்டிய அன்றைக்கே போனில் இருக்கிற ஆளை அழித்துவிடுவார். "பேரு ஊட்டுக்குப் போயிருச்சு. இங்க வேற எதுக்கு?" ஒரு பேருக்கு ஒரு ஆள்.

ஆனால் எல்லாம் தேறுமா? ஐந்து மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்து நிற்கும். "ஏனுங்ணா, என்ற புள்ள பேரு என்னாச்சுங்?"

"செத்துப்போச்சு கண்ணு. மொத சண்டையிலயே போயிருச்சு. வேற பாக்கலாம்."

இதை அவர் தயிர்ச்சோற்றை மென்றுகொண்டே சொல்வார். ஒருத்தியின் மாமியார் இதைக் கேள்விப்பட்டு கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டாள். "எங்கூட்டு வாரிசச் செத்துப்போச்சுன்னு சொன்ன மகராசன் யாரு, வெளிய வரச் சொல்லு!" இவர் பாத்ரூமில் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அந்த அம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, அது வெறும் விளையாட்டு என்று விளக்கி அனுப்பியது நான். வெளியே வந்தவர் என்னிடம் ஒரு நன்றி சொன்னாரா? "அந்தப் பேரு வேண்டாம்னு சொல்லிட்டீங்களா அம்மிணி? அதுல தெம்பு பத்தாது" என்றார்.

பேர் தேறிய பிள்ளைக்கு அவர் கையால் ஒரு குட்டிப் பனியன் வரும். சாம்பிள் துணியில் தானே தைப்பார். கழுத்தில் பிராண்ட் லேபிள் இருக்கும் இடத்தில் பிள்ளையின் பேர் நெய்த லேபிள் இருக்கும். லேபிள் அடிக்கிற கடையில் நூறு நூறாகத்தான் அடிப்பார்கள். இவருக்காக ஒன்றே ஒன்று அடித்துக் கொடுத்தார்கள் என்றால் எவ்வளவு நச்சரித்திருப்பார் என்று யோசியுங்கள். எங்களிடம் தைக்க வந்த பீகார்க்காரப் பிள்ளையின் மகளுக்குக்கூட அப்படி ஒன்று கொடுத்தார். அவள் அதைப் பிள்ளைக்குப் போடாமல் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருந்தாள்.

இவ்வளவு கேலி செய்கிற நான் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்கு மகள் பிறந்தபோது அவர் பக்கமே போகாமல் இருந்திருக்க வேண்டும். போனேன். ஏன் என்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. கார்த்திகை நட்சத்திரம், நாலாம் பாதம். 'எ' அல்லது 'ஏ'வில்தான் பேர் ஆரம்பிக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். தாராபுரத்திலிருந்து என் அம்மா ஒரு பேர் சொன்னால் மாமியார் முகத்தைத் திருப்பினார். மாமியார் சொன்னால் என் அம்மா போனை வைத்தாள். வீட்டுக்காரர், "நீங்க முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று நழுவிவிட்டார். எனக்கு என் பிள்ளைக்கு நல்ல பேர் வேண்டும். கூப்பிட்டால் எனக்கே இனிக்கிற மாதிரி ஒரு பேர் வேண்டும். ஏழு வருடம் காத்திருந்தவளுக்கு அந்த ஆசைகூட இருக்கக்கூடாதா?

"விடுங்க அம்மிணி, நம்ம பாப்பா பேரு என்ற பொறுப்பு" என்றார். இருபது நாள் சண்டை நடந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போய்ப் பார்த்தால், எழிலரசி செத்தாள். எழில்மதி செத்தாள். எழில்விழி இரண்டு சண்டை தாண்டி மூன்றாவதில் செத்தாள். நானும் வெட்கமில்லாமல் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் அவளைப் பார்த்தேன்.

அவருடைய ஊரின் ஓரத்தில் ஒரு கிணறு, புதிதாகச் சேருகிற ஆள் முதலில் வந்து நிற்கிற இடம். கிணற்றடியில் மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் எழுதியிருந்தது: எழிலி. லெவல் ஒன்று. அவருடைய மற்ற ஆட்கள் எல்லாம் லெவல் நாற்பது, ஐம்பது. இவள் ஒருத்தி மட்டும் ஒன்று.

"ஏனுங்ணா, இது நல்லா இருக்குதே. எழிலி. இதையே வைங்களே."

போனைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார். "அது சண்டைக்குப் போகாதுங்க."

"அனுப்பிப் பாருங்க."

"அது போகாதுங்க அம்மிணி. அதைய உடுங்க."

அவர் யாருக்கும் இப்படிப் பட்டென்று பதில் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் பேரை அள்ளி வீசுகிறவர், எனக்கென்று வரும்போது நல்லதைப் பூட்டி வைத்துக்கொள்கிறாரா? ஒரு பொம்மைக்கு இருக்கிற யோகம் என் பிள்ளைக்கு இல்லையா? அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை என்பது எல்லாரையும் போல எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை.

பேர் வைக்கிறதுக்கு முந்தின நாள் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அம்மிணி, பொழச்சுருச்சுங்க! மூணு இல்ல, ஏழு சண்டை! ஏந்திழை! கேட்டீங்களா? ஏந்திழை!"

"சரிங்ணா" என்று மட்டும் சொன்னேன். ஏந்திழையாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் மகளை என்ன சொல்லிக் கூப்பிடும்? இலை, வாழை இலை என்றுதானே?

மறுநாள் எங்கள் வீட்டு ஹாலில் முதல் வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, மடியில் ஒரு துணிப்பை. பக்கத்தில் அவர் வீட்டுக்காரம்மா. அந்த அம்மா யாரிடமும் பேசாது, சிரிக்க மட்டும் செய்யும். எங்கள் கட்டிங் மாஸ்டர் ஜபருல்லா பாயும் வந்திருந்தார். பேரைக் காதில் சொல்ல வேண்டியது என் நாத்தனார். அவள் குனிந்தபோது நான் அவள் காதில் ஒரு பேரைச் சொன்னேன். அவள் பிள்ளையின் காதில் மூன்று தடவை சொன்னாள். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

எழிலி.

மாமியாருக்குப் பிடித்துவிட்டது. என் அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. ஹாலே நல்லா இருக்குது நல்லா இருக்குது என்றது. அவர் வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே இருந்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். இவர் எழவில்லை. பையிலிருந்து குட்டிப் பனியனை எடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கிற நூல் வெட்டும் கத்திரியை எடுத்தார். கழுத்தில் இருந்த ஏந்திழை லேபிளை ஒவ்வொரு தையலாக, துணியில் ஓட்டை விழாமல் பிரித்தார். லேபிளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பனியனைப் பிள்ளையின் பக்கத்தில் வைத்தார்.

"லேபிளு அப்பறம் அடிச்சுத் தர்றேனுங்க" என்றார். சாப்பிடாமல் போனார்.

பந்தியில் ஜபருல்லா பாய்தான் சொன்னார். அவருக்கும் இவருக்கும் முப்பது வருடப் பழக்கம். "ஏம்மா, அந்தப் பேரு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது? கல்யாணமான புதுசுல அவங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள. ஏழாம் மாசத்துலயே பொறந்து, உடனே தவறிப்போயிருச்சு. பேரு மட்டும் முன்னாடியே வச்சிட்டாங்க. அதுக்கப்பறம் புள்ளையே இல்ல." என் இலையில் அப்போதுதான் பாயசம் ஊற்றினார்கள்.

மாற்றியிருக்கலாம். மூன்று தடவை காதில் சொன்ன பேரை மாற்றக்கூடாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அப்பட்டமான பொய். எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது, விட மனசில்லை. அவ்வளவுதான் விஷயம். பீஸில் ஒரு நூல் பிசிறு இருந்தால் திருப்பி அனுப்புகிறவள், என் மேல் இருந்த ஓட்டையை மட்டும் பாஸ் பண்ணிவிட்டேன்.

அதற்குப் பிறகும் அவர் என்னிடம் கோபமாக இருந்ததில்லை. காலையில் "வாங்க அம்மிணி" என்பார். "பாப்பா நல்லா இருக்குதுங்களா?" என்பார். பாப்பா என்பார், கண்ணு என்பார், குட்டி என்பார். என் மகளை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. லேபிளும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு, காங்கேயத்தில் மச்சான் வைத்திருந்த எண்ணெய் மில்லைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். அங்கே இருக்கிற மாடுகளுக்கெல்லாம் பேர் வைத்திருப்பார். அதில் சந்தேகமே இல்லை.

நான் எப்படி இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கினேன் என்று கேட்டால், ஒரு கணக்கு வைத்திருந்தேன். நான் எடுத்தது பேரை மட்டும்தான். ஆள் அவரிடம்தான் இருக்கிறாள். அந்தப் போனில், அந்தக் கிணற்றடியில், மஞ்சள் பாவாடையோடு லெவல் ஒன்றில் நின்றுகொண்டிருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்வார். அதனால் பெரிய பாவம் ஒன்றும் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எழிலிக்கு இப்போது எட்டு வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் போனை வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தாள்.

"அம்மா, ஊர் கட்டற கேம் ஒண்ணு எறக்கியிருக்கேன். ஆளுக்குப் பேரு கேக்குது. என்ற பேரே வைக்கட்டுமா?"

எட்டிப் பார்த்தேன். அதே விளையாட்டு. அதே கிணறு.

"அது எடுக்காது கண்ணு. அந்தப் பேருல ஏற்கெனவே ஒருத்தி இருக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். வேணும்னா அடிச்சுப் பாரு, செவப்புல வரும்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். நான் அந்தச் சிவப்பு எழுத்துக்காகக் காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது வர வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"எடுத்துக்கிச்சும்மா!"

போனை வாங்கிப் பார்த்தேன். கிணற்றடியில் மஞ்சள் பாவாடை, கோழிகள், தலைக்கு மேல் எழிலி. லெவல் ஒன்று. என்னைத் தவிர யாருக்கும் புரியாது. அவர் அழித்திருக்கிறார். என் பிள்ளைக்கு அந்தப் பேரைச் சூட்டிய அன்றைக்கே, வீட்டுக்குப் போய், தன் பிள்ளையை அழித்திருக்கிறார். ஒரு பேருக்கு ஒரு ஆள் என்கிற சட்டத்தை எனக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. லேபிளையும் பிரித்துவிட்டு, ஆளையும் அழித்துவிட்டு, அப்புறமும் ஒன்றும் நடக்காத மாதிரி "பாப்பா நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷனைத்தான் நான் இத்தனை வருடமாக எல்லாரிடமும் சிரிக்கச் சிரிக்கக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எழிலி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "சண்டைக்கு அனுப்பறேன், பாரு."

"வேண்டாம்!"

ஓவர்லாக் மெஷின் எல்லாம் ஓடுகிற லைனின் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். பிள்ளை பயந்து என்னைப் பார்த்தாள்.

"அவ போகக்கூடாது கண்ணு. அங்கயே இருக்கட்டும். கோழிக்குத் தீவனம் போட்டுட்டு இருக்கட்டும்."

"அப்பறம் எப்படிம்மா ஜெயிக்கறது?"

"வேற ஒருத்தியச் சேத்து அனுப்பு. ஏந்திழைன்னு பேரு வை. அவ ஜெயிச்சுட்டு வருவா."